பம்பு வாங்கிக் கொடுத்தால் போதுமா? வயலுக்கும் காட்டுக்கும் மாற்று எரிசக்தி

பிப்ரவரி 8, ஒரு வாசகரின் கேள்வி

"எங்கள் சங்கத்தில் 30 விவசாயிகள். மரம் வளர்ப்பவர்கள் ஏழெட்டுப் பேர். டீசல் செலவு கையைக் கடிக்கிறது. எல்லோருக்கும் ஒரே அளவில் சோலார் பம்பு மொத்தமாக வாங்கிப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்கிறேன் நான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?"

பிப்ரவரி 8, இரவு

நிறைய இருக்கிறது. முதலில், 30 பேருக்கும் ஒரே ஆழத்திலா தண்ணீர்? ஒரே பயிரா? ஒரே மாதத்திலா தண்ணீர் தேவை? மரம் வளர்ப்பவருக்குப் பம்பே தேவைப்படாமல் இருக்கலாம், அவருக்கு அறுக்கவும் உலர்த்தவும்தான் சக்தி வேண்டியிருக்கும்.

கணக்கு ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. 1,000 லிட்டர் தண்ணீரை 1 மீட்டர் உயர்த்த 2.7 வாட்-மணி போதும். இது இயற்கை வைத்த விலை, யாரும் குறைக்க முடியாது. எத்தனை ஆயிரம் லிட்டர், எத்தனை மீட்டர் என்று இரண்டையும் இதோடு பெருக்குங்கள். மோட்டாரிலும் பம்பிலும் ஏறத்தாழ பாதி போய்விடும் என்று வைத்து இரண்டால் பெருக்குங்கள். வருவதை 1,000-ஆல் வகுத்தால் (1,000 வாட்-மணி ஒரு யூனிட்) ஒரு நாளைக்கு எத்தனை யூனிட் வேண்டும் என்பது வந்துவிடும். 12 மீட்டர் கிணற்றுக்கும் 60 மீட்டர் போர்வெல்லுக்கும் இதில் ஐந்து மடங்கு வித்தியாசம். ஒரே அளவில் வாங்கிப் போட்டால் பாதிப் பேருக்குப் பேனல் வீணாகும், மீதிப் பேருக்குத் தண்ணீர் போதாது. போதாதவர்கள் டீசலுக்கே திரும்பிப் போவார்கள். போனவர்களை மறுபடி அழைத்து வருவது ரொம்பக் கஷ்டம்.

பிப்ரவரி 9, காலை

நேற்று சுலபம் போலச் சொல்லிவிட்டேன். அந்தச் சுலபமான கணக்கில் நானே தப்பு செய்திருக்கிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு பெரியவரின் தோட்டம். காலை 7 மணிக்குப் போய்க் கிணற்றில் கயிறு விட்டு அளந்தேன், 18 மீட்டர். தொட்டி உயரம் 4, குழாய் உராய்வுக்கு 2, மொத்தம் 24 மீட்டர். நாளுக்கு 40,000 லிட்டர் தேவை என்றார். பெருக்கினால் 2.6 யூனிட், பாதி இழப்பு சேர்த்தால் 5.2. வெயில், தூசி, ஒயர் இழப்பெல்லாம் பார்த்து 1,300 வாட் பேனல் எழுதிக் கொடுத்தேன்.

ஓடத் தொடங்கியது. முதல் ஒரு மணி நேரம் தண்ணீர் பீறிட்டு வந்தது, எல்லோரும் கை தட்டினார்கள். பதினொரு மணிக்குக் குழாய் வாயில் தண்ணீர் விழும் இடம் தொட்டிச் சுவரை நோக்கி ஒரு முழம் பின்வாங்கியிருந்தது. வெயில் ஏற ஏறத் தண்ணீர் குறைகிறதே என்று எனக்குக் கலக்கமாகிவிட்டது. பெரியவர்தான் சொன்னார்: "தம்பி, இறைக்க இறைக்கக் கிணறு இறங்கும்ல?" மறுபடி கயிறு விட்டேன். 31 மீட்டர்.

13 மீட்டரை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. மொத்த உயரம் 24 இல்லை, 37. தேவை 8 யூனிட், பேனல் 2,000 வாட். நாளுக்கு 25,000 லிட்டரைத் தாண்டாத ஒரு பம்பை அவர் தலையில் கட்டிவிட்டு வந்திருந்தேன். அந்தப் பருவம் அவர் கடைசி இரண்டு பாத்திகளைக் காயவிட்டார். அதற்காக அவர் என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

பிப்ரவரி 9, மதியம்

விட்டுப்போனது. "5 மணி நேர வெயில்" என்று பேனல்காரர்கள் சொல்வதைக் காலை பத்திலிருந்து மூன்று மணி வரை என்று நிறையப் பேர் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. நாள் முழுக்க விழும் வெயிலைச் சேர்த்து, சதுர மீட்டருக்கு 1,000 வாட் என்ற உச்ச அளவில் கொட்டினால் எத்தனை மணி நேரம் வரும் என்பதுதான் அந்த எண். மேகமூட்டமான மாதத்தில் அது 3-க்கும் கீழே போகலாம். பயிருக்கு எந்த மாதம் தண்ணீர் அதிகம் வேண்டுமோ அந்த மாதத்தின் எண்ணைக் கேட்டு வாங்குங்கள், ஆண்டுச் சராசரி உதவாது.

இன்னொன்று, பேனலுக்கு வெளிச்சம் வேண்டும், சூடு ஆகாது. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் குறையும். உச்சி வெயிலில் பேனல் 65 டிகிரியைத் தொட்டால் 16 சதவீதம் போயிற்று. அடியில் காற்று ஓட இடம் விடுங்கள்.

பிப்ரவரி 12

பேட்டரி வைக்கலாமா என்று கேட்டிருக்கிறார்கள். தண்ணீருக்கு வேண்டவே வேண்டாம். உயரத்தில் ஒரு தொட்டி கட்டுங்கள், அதுதான் பேட்டரி. வெயில் இருக்கும்போது ஏற்றி வைத்தால் விடியற்காலையில் தானாகப் பாயும், ஆவியாவதும் குறைவு. தொட்டிக்கு ஆயுள் தேய்மானம் கிடையாது. லெட்-ஆசிட் பேட்டரியைத் தினமும் பாதிக்குக் கீழே இறக்கினால் சில ஆண்டுகளில் கனமான குப்பை.

பால் குளிரூட்டவும் இதே யோசனைதான். பகலில் ஐஸ் கட்டி வைத்தால் மாலைப் பாலை அது குளிர வைக்கும்.

பிப்ரவரி 12, பிறகு யோசித்தது

"வேண்டவே வேண்டாம்" என்றது தண்ணீருக்கு மட்டும். நாற்றங்காலில் ராத்திரி விளக்கு, காட்டோரம் விலங்கு வராமலிருக்க மின்வேலி, குஞ்சுப் பொரிப்பான், இதற்கெல்லாம் பேட்டரி இல்லாமல் ஆகாது. அதைப் பம்பின் பேனலோடு சேர்க்காமல் தனியாக ஒரு சின்ன பேனலில் வையுங்கள். ஒன்று கெட்டால் மற்றது ஓட வேண்டும்.

பிப்ரவரி 14

இப்போது எனக்கு ரொம்பக் கவலையான விஷயம். டீசல் எரியும்போது ஒவ்வொரு லிட்டரும் உறைக்கும், போதும் என்றதும் கை தானாக நிறுத்தும். சோலாரில் அந்த உறைப்பு இல்லை. வெயில் இருக்கிறவரை ஓடட்டுமே என்று விட்டுவிடுகிறோம். வரப்பு தாண்டித் தண்ணீர் ஓடும், கீழே நிலத்தடி நீர் இறங்கும். 30 பம்புகளை ஒரே ஊரில் ஒரே ஆண்டில் போட்டால் இது நடக்காது என்று யாராவது உறுதி சொல்ல முடியுமா?

இதற்கு ஒரு வழி கண்டவர்கள் இருக்கிறார்கள். குஜராத்தில் துண்டி என்ற ஊரில் 2016-ல் ஆறு விவசாயிகள் சேர்ந்து, சர்வதேச நீர் மேலாண்மை நிறுவனத்தின் துணையோடு, சோலார் பம்புக்காரர்களின் கூட்டுறவுச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். இறைத்தது போக மிச்ச மின்சாரத்தை மின்கட்டமைப்புக்கு விற்கிறார்கள். தேவையில்லாமல் இறைத்தால் விற்கக்கூடிய மின்சாரம் போகும், ஆக அந்த உறைப்பு வேறு வழியில் திரும்பி வந்துவிட்டது. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. மின்கம்பி போகாத இடத்தில் இது முடியாது. அங்கே அதே பேனலில் மாவு அரைக்க, தீவனம் நறுக்க, விளைச்சலை உலர்த்த ஒரு மாற்று சுவிட்ச் போட்டுக் கொடுங்கள். பம்புக்குத் தண்ணீர் வேலை ஆண்டில் பாதி நாள்கூட இருக்காது, மற்ற நாள் பேனல் சும்மா வெயில் காய்கிறது.

பிப்ரவரி 20

சாண எரிவாயு பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். நல்ல விஷயம், ஆனால் மாட்டின் தலையை எண்ணாதீர்கள். சாணத்தை எண்ணுங்கள்.

25 கிலோ சாணத்துக்குச் சுமார் 1 கன மீட்டர் வாயு. ஒரு குடும்பச் சமையலுக்கு 2 கன மீட்டர் என்றால் தினமும் 50 கிலோ. வளர்ந்த மாடு நாளுக்குப் பத்து கிலோ போடும், ஆக ஐந்து மாடு போதும் என்று காகிதத்தில் வரும். மேய்ச்சலுக்குப் போகும் மாடு பாதிச் சாணத்தை மேய்ந்த இடத்திலேயே விட்டுவிட்டு வரும். கொட்டிலில் கிடைப்பது 25 கிலோ. அடுப்பு பாதி நேரத்தில் அணைகிறது, கலனைக் கட்டியவரைத் திட்டுகிறார்கள்.

சாணத்துக்குச் சமமாகத் தண்ணீரும் வேண்டும். தினம் 50 லிட்டர். அதை யார் சுமக்கிறார்கள்? நான் பார்த்த ஒரு வீட்டில் கலன் வாங்க முடிவெடுத்தவர் வீட்டுக்காரர், கரைத்து ஊற்றியது அவர் மனைவி. விறகு பொறுக்கும் நேரம் மிச்சமாகும் என்று சொல்லித்தான் சம்மதிக்க வைத்தார்கள். அடிகுழாய் அரை கிலோமீட்டர் தள்ளி. மூன்றாம் மாதம் அந்த அம்மா நிறுத்திவிட்டார், சரியாகத்தான் செய்தார். இப்போதெல்லாம் நான் எந்த வீட்டுக்குப் போனாலும் வேலை செய்யப் போகிறவர் வந்து உட்கார்ந்தால்தான் பேச்சைத் தொடங்குவேன்.

நன்றாக ஓடும் கலனைப் பார்த்திருக்கிறீர்களா? வெளித்தொட்டியில் வரும் கரைசல் கரும்பச்சையாக, தளதளவென்று இருக்கும். பச்சைச் சாணத்தின் நாற்றம் இருக்காது, ஈ மொய்க்காது. விரலில் தொட்டுத் தேய்த்தால் நார் குறைவாக, வழவழப்பாக இருக்கும். வாயு எரிந்து போனாலும் தழைச்சத்து அந்தக் கரைசலில் நின்றுவிடுகிறது, பயிருக்குச் சீக்கிரம் கிடைக்கும் வடிவில். சில பேருக்கு வாயுவைவிட இதுதான் பெரிய லாபம். குளிர்தான் எதிரி. உள்ளே 35 டிகிரி இருந்தால் கிருமிகளுக்குக் கொண்டாட்டம், 15-க்குக் கீழே போனால் ஏறக்குறைய தூங்கிவிடும்.

பிப்ரவரி 21

சிறு குறிப்பு. அந்த வாயுவை ஜெனரேட்டரில் விடுபவர்கள் அழுகிய முட்டை நாற்றத்தை அலட்சியம் செய்யாதீர்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு இன்ஜினை அரித்துத் தின்னும். லேத் பட்டறையில் கிடைக்கும் இரும்புச் சீவலைத் துருப்பிடிக்க விட்டு, ஒரு குழாயில் அடைத்து, வாயுவை அதன் வழியாக விட்டால் பிடித்துக்கொள்ளும். சீவல் கறுத்துவிட்டால் வெளியே பரப்பிக் காற்றாட விடுங்கள், மறுபடி பயன்படும். அப்போது அது சூடேறும், காய்ந்த வைக்கோல் பக்கம் போடாதீர்கள்.

மார்ச் 2

மரம் வளர்ப்பவர்களை யாரும் கேட்கவில்லை என்று ஒருவர் குறைபட்டிருக்கிறார். நியாயம்தான். கிராமத்து எரிசக்தி என்றாலே பேனல் என்று ஆகிவிட்டது. மரம் வெட்டுகிற இடத்தில் விழும் கிளை, பட்டை, கழிவு இதெல்லாம் ஒரு கொதிகலனுக்கு, உலர்த்தும் அறைக்கு, குளிர்ப் பிரதேசத்தில் பள்ளிக்கூடத்தைச் சூடாக்க ஆகும். விற்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

முதல் பாடம் ஈரம். பச்சையாக வெட்டிய மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி தண்ணீர். அப்படியே எரித்தால் கிலோவுக்கு 2.3 யூனிட் சூடு. அதையே 20 சதவீத ஈரத்துக்கு உலர்த்தினால் 4 யூனிட். காயவைத்தாலே சூடு ஏறத்தாழ இரட்டிப்பு. இதைவிட மலிவான தொழில்நுட்பம் கிடையாது.

அளப்பதற்குக் கருவி தேவையில்லை. ஒரு கட்டையின் நடுவிலிருந்து சில்லு வெட்டி எடை போடுங்கள். 100 டிகிரியை ஒட்டிய சூட்டில் எடை குறைவது நிற்கும்வரை வையுங்கள். மறுபடி எடை. 1,000 கிராம் 540 ஆனால் 460 கிராம் தண்ணீர், 46 சதவீதம்.

மார்ச் 3

நேற்று எழுதியதில் இரண்டு திருத்தம், இரண்டும் முக்கியம்.

ஒன்று. "46 சதவீதம்" என்றேன். ஒரு மரப்பட்டறைக்காரர் இதே கட்டையை 85 சதவீதம் என்பார், அவர் சொல்வதும் சரி. எரிபொருள்காரர்கள் தண்ணீரை ஈர எடையால் வகுப்பார்கள், மரவேலைக்காரர்கள் காய்ந்த எடையால் வகுப்பார்கள். 460-ஐ 1,000-ஆல் வகுத்தால் 46, 540-ஆல் வகுத்தால் 85. இரண்டு பேர் ஒப்பந்தம் போடும்போது எந்தக் கணக்கு என்று எழுதாவிட்டால் சண்டைதான். ஒரு கொதிகலன்காரரும் ஒரு மரம் விற்பவரும் ஒருவரை ஒருவர் திருடன் என்று நினைத்து ஆறு மாதம் பேசாமல் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு பேருமே நேர்மையானவர்கள்.

இரண்டு. "காயவைத்தாலே சூடு ஏறத்தாழ இரட்டிப்பு" என்றது கிலோவுக்குத்தான். அதே மரத்துக்கு அப்படி வராது. 1,000 கிலோ பச்சை மரத்தில் 2,260 யூனிட். அது காய்ந்தால் 625 கிலோவாகச் சுருங்கும், அதில் 2,500 யூனிட். கூடுவது 11 சதவீதம்தான். இரட்டிப்பாகும் என்று நம்பிக் கொட்டகை கட்டினால் ஏமாற்றம் வரும். ஆனாலும் காயவையுங்கள், ஏனென்றால் ஈர மரம் புகையும், புகைபோக்கியில் தார் படியும், வண்டியில் தண்ணீரை ஏற்றிப் போக வாடகை கொடுக்க வேண்டியிருக்கும். டன் கணக்கில் விற்காதீர்கள், டன்னுக்கு விலை என்றால் ஈரமாக அனுப்பத்தான் ஆசை வரும். கொதிகலனை விட்டு வெளியே போகும் சூட்டை மீட்டரில் அளந்து யூனிட் கணக்கில் விற்பதுதான் இரண்டு பக்கத்துக்கும் நல்லது.

மார்ச் 3, இரவு

இலையும் சுள்ளியும் காட்டிலேயே கிடக்கட்டும். எரிக்க அதில் ஒன்றும் இல்லை, மண்ணுக்கு வேண்டிய சத்து பெரும்பாலும் அதில்தான். தரையைச் சுத்தமாகக் கூட்டி எடுத்தால் அடுத்த தலைமுறை மரம் மெலிந்து வரும்.

எரிக்க நறுக்கி வைக்கும் மரச்சில்லுக் குவியல் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பச்சைச் சில்லைக் குவித்தால் உள்ளே கிருமிகள் வேலை செய்து தானாகச் சூடேறும். விடியற்காலையில் உச்சியிலிருந்து ஆவி புகை போல எழும். நாங்கள் ஒரு நீளக் கம்பியைக் குவியலின் நெஞ்சு வரை குத்தி வைப்போம். கால் மணி நேரம் கழித்து உருவி முனையைத் தொட்டால், கையில் பிடிக்க முடிகிறதா இல்லையா என்பதே செய்தி. பிடிக்க முடியாவிட்டால் அன்றைக்கே கலைத்துப் போட வேண்டும். உயரமாகக் குவித்து, மேலே டிராக்டர் ஏற்றி அமுக்கினால் தானாகத் தீப்பிடிக்கவும் கூடும்.

மூடிய அறையில் சில்லோ மர உருண்டையோ சேர்த்து வைத்தால் கார்பன் மோனாக்சைடு தேங்கும். மணமில்லை, நிறமில்லை. கதவைத் திறந்துவைத்துக் காற்றோட்டம் வந்த பிறகே உள்ளே போக வேண்டும், தனியாகப் போகவே கூடாது. மரவாயு இயந்திரம் (மரத்தைக் குறைந்த காற்றில் சூடாக்கி எரியும் வாயுவாக மாற்றுவது) வைத்திருப்பவர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும், அதில் எரிகிற வாயுவில் பெரிய பங்கு அதுதான்.

மார்ச் 10

இதெல்லாம் புதுசு என்று ஒருவர் எழுதியிருந்தார். 1913-ல் கெய்ரோவை ஒட்டிய மாதியில் ஃபிராங்க் ஷுமன் என்ற அமெரிக்கர் வளைந்த நீளக் கண்ணாடிகளால் வெயிலைக் குவித்து, நீராவி உண்டாக்கி, நைல் தண்ணீரை வயலுக்கு இறைத்துக் காட்டினார். அடுத்த ஆண்டே முதல் உலகப் போர், அதோடு மலிவான எண்ணெய், கதை முடிந்தது. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காதபோது ஐரோப்பாவில் லட்சக்கணக்கான வண்டிகள் மரவாயுவில் ஓடின. பெட்ரோல் வந்ததும் அதையும் கழற்றிப் போட்டார்கள். இயந்திரம் ஓடியும் ஏற்பாடு நிலைக்கவில்லை என்பது எனக்கு வருத்தமான விஷயம்.

நிலைத்த கதையும் உண்டு. ஜெர்மனியில் யூண்டே என்று சுமார் 750 பேர் வாழும் ஊர். கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தின் துணையோடு 2005 முதல் சாணமும் பயிரும் போட்ட எரிவாயு நிலையம், குளிர்காலத்துக்கு மரச்சில்லுக் கொதிகலன், வீடு வீடாக வெந்நீர்க் குழாய். உழவர் வயலிலிருந்து, வனக்காரர் காட்டிலிருந்து, சூடு எல்லோருக்கும். ஏறத்தாழ 70 சதவீத வீடுகள் சேர்ந்தன, நிலையம் கூட்டுறவின் சொத்தாகத் தொடங்கியது. குழாய் பதிக்கும் முன் ஊரைச் சேர்க்கவே ஆண்டுக்கணக்கில் பேசினார்கள். அதைத்தான் நாம் விட்டுவிடுகிறோம்.

அதே நாட்டில் மறுபக்கமும் நடந்தது. எரிவாயுவுக்கென்றே மக்காச்சோளம் விதைத்து விதைத்து, கடைசியில் 2012 சட்டத்தில் புதிய நிலையங்களுக்கு மக்காச்சோளமும் தானியமும் 60 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று வரம்பு கட்ட வேண்டியதாயிற்று. கழிவை எரிசக்தியாக்கப் போய் வயலையே எரிசக்திக்குக் கொடுத்துவிடக் கூடாது.

மார்ச் 17

கடன் பற்றிச் சுருக்கமாக. மாதத் தவணை சம்பளக்காரருக்கு. விவசாயிக்குப் பணம் அறுவடையில் வரும், மரக்காரருக்கு வெட்டு முடிந்து வரும். தவணையை அதற்குத் தக்கபடி மாற்றாத எந்தக் கடனையும் நான் கையெழுத்துப் போடச் சொல்வதில்லை.

பழுதுக்கு வருகிறேன். ஒரு இடத்தில் அருமையான பம்பு எட்டு மாதம் நின்று கிடந்தது. விற்றவர்கள் போனை எடுக்கவில்லை. போய்ப் பார்த்தால் எலி கடித்த ஒரு ஒயர். பத்து நிமிட வேலை. எட்டு மாதம் பயிர் போனது பத்து நிமிட வேலைக்காக. அன்றிலிருந்து எங்கே போனாலும் ஊரில் இரண்டு பேருக்கு மல்டிமீட்டர் (வோல்ட் அளக்கும் கருவி) பிடிக்கக் கற்றுக் கொடுக்காமல் திரும்புவதில்லை. இரண்டு பேர், ஏனென்றால் ஒருவர் வெளியூர் போய்விடுவார். பேனலில் எவ்வளவு வோல்ட் வர வேண்டும் என்று கன்ட்ரோலர் பெட்டியின் கதவுக்கு உள்பக்கம் பெயின்டில் எழுதி வைத்துவிடுவோம், காகிதம் தொலைந்துவிடும்.

ஏப்ரல் 2

கேள்வி கேட்டவர் 30 பேரில் 22 பேரின் கிணறுகளை அளந்து அனுப்பியிருக்கிறார், ஓய்வில் ஒரு அளவு, இரண்டு மணி நேரம் இறைத்த பிறகு ஒரு அளவு. மனம் நிறைந்தது. இதில் ஒன்பது பேருக்குச் சின்ன பம்பே போதும். நாலு பேருக்குக் கிணறே தாங்காது, அங்கே பம்பு போடாதீர்கள், சொட்டுநீருக்கு மாறுவதைப் பற்றி முதலில் பேசுங்கள். மீதி ஒன்பது பேரின் பயிர் மாதங்களை அனுப்புங்கள், சேர்ந்து உட்கார்ந்து போடுவோம். மரம் வளர்ப்பவர்களிடம் ஒரு வெட்டில் எத்தனை வண்டிக் கழிவு வருகிறது என்று கேட்டு வையுங்கள்.

அந்தப் பெரியவரைப் பற்றி விசாரித்தீர்கள். விடுபட்ட 700 வாட் பேனலை அடுத்த பருவத்தில் சேர்த்துக் கொடுத்தோம், இப்போது 40,000 லிட்டர் வருகிறது. கயிற்றில் மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறார். மாதப் பிறப்பன்று அளந்து போனில் சொல்வார். நேற்றுச் சொன்னது: ஓய்வில் 20, இறைக்கும்போது 34. போன ஆண்டு இதே நாளில் 18-ம் 31-ம். பக்கத்துத் தோட்டத்தில் புதிதாக இரண்டு பம்பு வந்திருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை போய் மூன்று பேரையும் உட்காரவைத்துப் பேசப் போகிறேன்.